இக்னாஸ் செம்மல்வைஸ் (1818 – 1865): தாய்மாரின் உயிர் காத்த வைத்தியர்

மாணவர்களே, நுண்ணங்கிகளும் நோய்களும் என்னும் பகுதியைப் படிக்கும்போது லூயி பாஸ்ரர், றொபேட் கொக், ஜோசப் லிஸ்ரர் ஆகியோரின் பெயர்களை நீங்கள் தவறாமல் சந்திப்பீர்கள். இவர்களுக்குச் சில ஆண்டுகள் முந்தி வாழ்ந்த ஒருவரின் பெயர் பல குறிப்புப் புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. கை கழுவச் சொன்னவர் என்பதே அந்த ஒரு வரி. ஆனால் அவர் எவ்வாறு அந்த முடிவுக்கு வந்தார் என்பதை அறிந்துகொண்டால், விஞ்ஞான முறை என்றால் என்ன என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை உங்களுக்கு ஏற்படாது.

இக்னாஸ் பிலிப் செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி ஹங்கேரியின் பூடா நகரில் பிறந்தார். பூடாவும் ஆற்றின் மறுகரையில் இருந்த பெஸ்ற் நகரும் பிற்காலத்தில் ஒன்றிணைந்தே இன்றைய புடாபெஸ்ற் உருவாயிற்று. தந்தையார் வசதியான பலசரக்கு வியாபாரி. பத்துப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். 1837இல் சட்டம் படிப்பதற்காக வியன்னா சென்றவர், அடுத்த ஆண்டிலேயே மனம் மாறி மருத்துவத்துக்குத் தாவினார். 1844இல் வைத்தியராகப் பட்டம் பெற்றார். பின்னர் மகப்பேற்றியலில் பயிற்சி பெற்று, 1846 யூலையில் வியன்னா பொது வைத்தியசாலையின் முதலாம் மகப்பேற்றுப் பிரிவில் பேராசிரியர் யொஹான் கிளைன் என்பவரின் உதவியாளராகக் கடமையேற்றார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த வைத்தியசாலையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர்களுள் பெரும்பாலானோர் ஏழைப் பெண்கள். சிகிச்சை இலவசம். அதற்கு ஈடாக, பயிலுவோர் அவர்களைப் பரிசோதித்துப் பழகுவதற்கு அவர்கள் இடமளிக்க வேண்டும். மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. 1840இன் பின்னர் முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் பயின்றனர். கர்ப்பிணிகள் ஒரு நாள் ஒரு பிரிவிலும் மறுநாள் மற்றப் பிரிவிலுமாக அனுமதிக்கப்பட்டனர். எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை அவர்கள் வந்து சேர்ந்த நாளே தீர்மானித்தது. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

அக்காலத்தில் ஐரோப்பிய மகப்பேற்று வைத்தியசாலைகளைப் பிரசவக் காய்ச்சல் என்னும் நோய் ஆட்டிப்படைத்தது. பிள்ளை பிறந்து ஓரிரு நாட்களில் தாய்க்குக் கடும் காய்ச்சல் காணும். வயிறு வீங்கி நோவெடுக்கும். சில நாட்களில் உயிர் பிரியும். சில வேளைகளில் பச்சிளங் குழந்தையும் அதே நோயால் இறக்கும். வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டிய செம்மல்வைஸ் கண்ட எண்கள் இவை: 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவில் 4010 பிரசவங்கள், 459 தாய்மார் மரணம். இரண்டாம் பிரிவில் 3754 பிரசவங்கள், 105 தாய்மார் மரணம். சதவீதத்தை நீங்களே கணித்துப் பாருங்கள். முதலாவது 11.4, இரண்டாவது 2.8 எனக் கிடைக்கும். அந்த ஆண்டு மட்டும் அல்ல. 1841 முதல் 1846 வரையான ஆறு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் முதலாம் பிரிவில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் இறந்திருந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

இந்த வேறுபாடு வைத்தியர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அன்று. ஊர்ப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. முதலாம் பிரிவுக்குரிய நாளில் வந்து சேர்ந்தவர்கள் அங்கே சேர்க்க வேண்டாம் என்று முழந்தாளிட்டு மன்றாடினர். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்ற பின்னர் வந்தனர். தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்நோய் அரிதாகவே கண்டது என்பதுதான் செம்மல்வைசை முதலில் திகைக்க வைத்தது. எந்த வசதியும் அற்ற தெரு, வைத்தியர்கள் நிறைந்த விடுதியை விடப் பாதுகாப்பானதாக இருப்பது எப்படி?

காரணத்தைத் தேடிய முறை

நோய்கள் கெட்ட காற்றினால் வருகின்றன என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. வானிலை, நகரத்தின் காற்று, நெருக்கடி, பயம், உணவு என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கூறினர். செம்மல்வைஸ் இவை ஒவ்வொன்றையும் ஒரு கருதுகோளாக எடுத்து இரு பிரிவுகளையும் ஒப்பிட்டார்.

காற்றும் வானிலையும் காரணம் எனின், ஒரே கூரையின் கீழ் இருந்த இரு பிரிவுகளும் ஒரேயளவில் பாதிக்கப்பட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நெருக்கடி காரணம் எனின், முதலாம் பிரிவுக்கு அஞ்சிப் பெண்கள் இரண்டாம் பிரிவையே நாடியதால் அங்கேதான் நெருக்கடி அதிகமாக இருந்தது. மரணமோ குறைவு. உணவும் படுக்கையும் வேறுபடவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்கள் பக்கவாட்டில் படுத்தவாறு பிள்ளை பெற்றனர். முதலாம் பிரிவிலும் அவ்வாறே செய்வித்துப் பார்த்தார். பயனில்லை. இறக்கும் தறுவாயிலுள்ளவர்களுக்குச் சமயக் கிரியை செய்ய வரும் குருவானவர் மணியொலியுடன் முதலாம் பிரிவின் அறைகள் ஊடாகவே நடந்து செல்ல வேண்டியிருந்தது. அந்த மணியொலி ஏற்படுத்தும் அச்சமே நோயைத் தருகிறது என்று சிலர் கூறினர். குருவானவரை மணி இல்லாமல் வேறு வழியால் வரச் செய்தார். அதனாலும் மாற்றமில்லை. இன்று வாசிக்கும்போது இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு காரணியை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாது வைத்து, விளைவை அவதானிப்பது என்று உங்கள் பாடநூல் கூறுவது இதைத்தான்.

இன்னொரு அவதானிப்பும் இருந்தது. பிரசவ நோவு நீண்ட நேரம் தொடர்ந்த தாய்மார், அதிலும் முதற் பிள்ளைக்காரிகள், முதலாம் பிரிவில் பெரும்பாலும் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அவ்வாறில்லை. நோவு நீடிக்கும்போது அதிக தடவைகள் அதிக மாணவர்கள் கையால் பரிசோதிப்பார்கள் என்பதன் பொருள் அவருக்கு அப்போது விளங்கவில்லை.

1847 மார்ச்சில் விடை கிடைத்தது. மிகுந்த துயரத்தோடு கிடைத்த விடை அது. சில நாட்கள் ஓய்வுக்காக வெனிஸ் சென்று திரும்பிய செம்மல்வைஸ், தம் மதிப்புக்குரிய நண்பரான பேராசிரியர் யாக்கோப் கொலெற்ஷ்கா இறந்துவிட்டதை அறிந்தார். பிரேத பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி தவறுதலாக அவரது விரலில் குத்தியிருந்தது. அந்தச் சிறு காயத்திலிருந்து நோய் பரவி அவர் இறந்தார். அவரது உடலைப் பரிசோதித்தபோது எழுதப்பட்ட அறிக்கையை வாசித்த செம்மல்வைஸ், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்ட அதே மாற்றங்கள் அங்கே விவரிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். நோய் ஒன்றெனில் காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கொலெற்ஷ்காவின் உடலினுள் கத்தி கொண்டுசென்றதைத் தாய்மாரின் உடலினுள் கொண்டுசென்றது எது?

இப்போது இரு பிரிவுகளையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். மருத்துவ மாணவர்கள் காலையில் பிரேத அறையில் உடல்களை வெட்டிப் பயின்ற பின்னர் நேரே மகப்பேற்று விடுதிக்கு வந்தனர். மருத்துவிச்சிகள் பிரேத அறைக்குச் செல்வதில்லை. பழைய பதிவுகளும் இதை உறுதிப்படுத்தின. கிளைனுக்கு முன்னர் பொறுப்பாக இருந்த லூக்காஸ் போவர் பயிற்சிக்குப் பிரேதங்களைப் பயன்படுத்த மறுத்தவர். அந்தக் காலத்தில் மரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. ஆக, தாய்மாருக்கு மரணத்தைக் கொண்டுவந்தவை வைத்தியர்களின் கைகள். இதில் மிகக் கசப்பானது என்னவெனில், நோயின் காரணத்தை அறியும் ஆவலில் நாள்தோறும் பிரேத அறையில் அதிக நேரம் செலவிட்டவர் செம்மல்வைஸ்தாம். தம் கைகளாலும் பலர் இறந்திருப்பர் என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னர் தாம் எழுதிய நூலிலும் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

சவர்க்காரத்தால் கழுவிய பின்னரும் கைகளில் பிரேத நாற்றம் இருந்தது. எனவே ஏதோ ஒட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, நாற்றத்தை நீக்கக்கூடிய குளோரீன் கரைசலைத் தெரிந்தெடுத்தார். பின்னர் செலவைக் குறைப்பதற்காக வெளிற்றும் தூளைக் கரைத்துப் பயன்படுத்தினார். 1847 மே நடுப்பகுதியில் விடுதியின் வாசலில் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. கழுவாமல் எவரும் உள்ளே செல்லக்கூடாது என்பது கட்டளை.

ஏப்பிரலில் 312 பிரசவங்களுக்கு 57 மரணங்கள், அதாவது 18.3 சதவீதம். யூனில் 268 பிரசவங்களுக்கு 6. யூலையில் 250 பிரசவங்களுக்கு 3. அடுத்த ஆண்டான 1848 முழுவதிலும் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே, 1.3 சதவீதம். இது இரண்டாம் பிரிவுக்குச் சமனானது. அந்த ஆண்டின் மார்ச், ஓகஸ்ட் ஆகிய இரு மாதங்களிலும் ஒரு தாய்கூட இந்நோயால் இறக்கவில்லை.

இடையில் ஒரு பின்னடைவும் ஏற்பட்டது. 1847 ஒக்ரோபரில், கருப்பைப் புற்றுநோயினால் சீழ் வடியும் நிலையிலிருந்த பெண் ஒருவர் விடுதியின் முதலாவது கட்டிலில் அனுமதிக்கப்பட்டார். விடுதிக்குள் நுழையும்போது கை கழுவிய வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்துவிட்டு, சவர்க்காரத்தால் மட்டும் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அவருடன் பிள்ளை பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொருவர் இறந்தனர். பிரேதம் மட்டுமன்றி, உயிருள்ள உடலிலிருந்து வடியும் அழுகிய பொருளும் நோயைக் கடத்தும் என்பதைச் செம்மல்வைஸ் இதிலிருந்து கற்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் குளோரீனால் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தம் கருதுகோள் முழுமையற்றது என்பதைக் கண்டதும் அதைத் திருத்திக்கொண்ட இந்த இடத்தை எண்கள் குறைந்த இடத்தை விட முக்கியமானதாக நாம் கருதுகிறோம்.

தாயின் உடலில் நிகழ்வது என்ன?

செம்மல்வைசுக்குத் தெரியாதது, உங்களுக்குத் தெரிய வேண்டியது இப்பகுதி. கர்ப்ப காலத்தில் கருப்பையின் கழுத்துப் பகுதி தடித்த சீதச் செருகியினால் அடைபட்டிருக்கும். யோனியில் இயல்பாக வாழும் பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தைத் தோற்றுவித்து வேறு நுண்ணங்கிகள் பெருகாமல் தடுக்கின்றன. முளையமோ பின்னர் முதிர்மூலவுருவோ தந்தையிடமிருந்தும் இயல்புகளைப் பெற்றுள்ளது. ஆகவே தாயின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு அது ஓரளவு அந்நியமானது. எனினும் அதைத் தாக்கி அழிக்காத வகையில் தாயின் நிர்ப்பீடனம் தன்னைச் சீராக்கிக்கொள்கிறது. நிர்ப்பீடனம் முற்றாகக் குறைந்துவிடுகிறது என்று எழுதுவது தவறு. அது மாற்றமடைகிறது என்றே எழுதுங்கள். இம்மாற்றங்களோடு, இன்புளுவென்சா, மலேரியா போன்ற சில நோய்கள் கர்ப்பிணிகளில் கடுமையாகின்றன.

சூல்வித்தகம் பெரும்பாலான பற்றீரியாக்களைத் தடுக்கும். ஆயினும் உருபெல்லா வைரசு, சிபிலிசு நோயாக்கி போன்றவை அதைக் கடந்து பிள்ளையைத் தாக்கவல்லன. தாயின் பிறபொருளெதிரிகளுள் ஒரு வகையும் அதனூடாகக் கடந்து, பிறந்த பின் முதற் சில மாதங்களுக்குப் பிள்ளையைக் காக்கின்றது. கர்ப்பிணித் தாய்மாருக்கு எமது நாட்டுக் கிளினிக்குகளில் ஏற்பு வலிக்கு எதிரான ஊசி ஏற்றப்படுவதன் பயன் பிள்ளைக்கும் கிடைப்பது இவ்வழியாலேயே. இது மந்தமான நிர்ப்பீடனம் என்பதையும், தாயில் ஏற்படுவது உயிர்ப்பான நிர்ப்பீடனம் என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரசவத்தின்போது இந்தத் தடைகளுட் பல ஒரே வேளையில் நீங்குகின்றன. சீதச் செருகி வெளியேறும், பனிக்குடம் உடையும், சூல்வித்தகம் கழன்ற இடம் கருப்பையின் உட்சுவரில் குருதிக்கலன்கள் திறந்த ஒரு பெரிய காயமாக இருக்கும். அந்த வேளையில் கையோடு உள்ளே செல்லும் பற்றீரியா நேரே குருதியை அடைந்துவிடும். தின்குழியங்களும் பிறபொருளெதிரிகளும் முகங்கொடுப்பதற்கு முன்னரே அது பெருகிவிடக்கூடும். தெருவில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அதே காயம் இருந்தது. ஆனால் அவளுக்குள் எவரும் கை வைக்கவில்லை. பிரசவக் காய்ச்சலின் முக்கிய நோயாக்கி ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பற்றீரியா ஆகும். கோள வடிவக் கலங்கள் மணிமாலை போல் வரிசையாக அமைந்திருக்கும்.

பரீட்சை விடைத்தாள்களில் செம்மல்வைஸ் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது பிழை. அழுகிய சேதனப் பொருள் என்பதற்கு அப்பால் அவர் செல்லவில்லை. நோயாக்கியை அறியாமலே நோய் பரவும் வழியை அறிந்து தடுத்தவர் அவர்.

ஏற்றுக்கொள்ளாத உலகம்

இத்தனை தெளிவான எண்கள் இருந்தும் பலர் ஏன் ஏற்கவில்லை? வைத்தியர்களின் கைகளே கொல்கின்றன என்பதை வைத்தியர்கள் கேட்க விரும்பவில்லை என்பது ஒரு காரணம். ஒரு நோய்க்கு ஒரே காரணம் இருக்கும் என்ற எண்ணமே அன்று புதியது என்பது மற்றொன்று. செம்மல்வைசின் பக்கத்திலும் குறை இருந்தது. அவர் தம் கண்டுபிடிப்பை உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்களான ஹெப்ராவும் ஸ்கோடாவுமே முதலில் அவருக்காக எழுதியும் பேசியும் வந்தனர். பிரேதப் பொருளை மட்டுமே அவர் காரணமாகக் கூறுகிறார் என்று வெளிநாடுகளில் பலர் தவறாக விளங்கிக்கொண்டனர்.

1849 மார்ச்சில் அவரது பதவிக்காலம் முடிந்தது. கிளைன் அதை நீடிக்கவில்லை. 1848இல் எழுந்த புரட்சியும் ஹங்கேரியர் மீதான சந்தேகமும் நிலைமையை மேலும் சிக்கலாக்கின. 1850 மே மாதத்தில்தான் வியன்னா மருத்துவர் சங்கத்தில் அவர் தாமாகவே உரையாற்றினார். அவ்வாண்டு ஒக்ரோபரில் விரிவுரையாளராக அனுமதி கிடைத்தபோதும், பொம்மையுருவில் மட்டுமே கற்பிக்கலாம் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மனமுடைந்த அவர், நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் பெஸ்ற் நகருக்குப் புறப்பட்டுவிட்டார். உதவி செய்தவர்களை இப்படிக் கைவிட்டுப் போனது பெரும் தவறு என்றே கூற வேண்டும். வியன்னாவில் அவருக்காகப் பேச அதன்பின் எவரும் ஆர்வம் காட்டவில்லை.

பெஸ்ற் நகரின் புனித ரோக்கஸ் வைத்தியசாலையில் 1851இல் சம்பளமில்லாத பொறுப்பொன்றை ஏற்றார். அங்கு 1855 வரை நிகழ்ந்த 933 பிரசவங்களில் இந்நோயால் இறந்தவர்கள் எண்மர் மட்டுமே. 1855இல் பெஸ்ற் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1857இல் திருமணம் செய்தார். கண்டுபிடிப்பு நிகழ்ந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1861ஆம் ஆண்டைத் தாங்கி அவரது நூல் வெளிவந்தது. எண்கள் நிறைந்த, அதே வேளை எதிரிகளுக்கான நீண்ட மறுப்புகளால் வாசிப்பதற்குக் கடினமான நூல். அதற்கும் வரவேற்பு இல்லாதபோது, எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர் எனச் சாடிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவர் கூறியது உண்மையே. கூறிய விதம் இருந்த சிலரையும் விலகிப்போகச் செய்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் தடுக்கக்கூடிய மரணங்கள் நிகழ்வதை அறிந்த ஒருவர் எவ்வளவு காலம் அமைதியாக எழுதிக்கொண்டிருக்க முடியும் என்பதையும் நீங்கள் சிந்திக்க வேண்டும்.

1865இல் அவரது மனநிலை பாதிப்படைந்தது. யூலை இறுதியில் வியன்னாவிலுள்ள மனநோயாளர் இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே காவலர்களால் தாக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். ஓகஸ்ட் 13ஆம் திகதி, 47ஆவது வயதில் இறந்தார். வலக்கை விரலில் ஏற்பட்ட காயம் அழுகி, தொற்று குருதியில் கலந்திருந்தது. கொலெற்ஷ்காவைக் கொண்டுசென்றதும், ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கொண்டுசென்றதும் அதே வகையான தொற்றே.

அதற்கு முதல் நாள், ஓகஸ்ட் 12ஆம் திகதி, கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்ரர் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்தில் காபோலிக் அமிலத்தை இட்டுக் கட்டினார். தொற்றுநீக்கிச் சத்திரசிகிச்சையின் தொடக்கமாக இந்நாள் கொள்ளப்படுகிறது. 1879இல் பாரிஸ் நகரில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில், பிரசவக் காய்ச்சலின் காரணம் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தபோது லூயி பாஸ்ரர் எழுந்து கரும்பலகையில் அந்தச் சங்கிலி வடிவ நுண்ணங்கியை வரைந்து காட்டினார்.

செம்மல்வைசின் எச்சங்கள் 1891இல் வியன்னாவிலிருந்து புடாபெஸ்ற் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. 1964இல் அவை பூடாவில் அவர் பிறந்த வீட்டுக்கே மாற்றப்பட்டன. அந்த வீடு இன்று மருத்துவ வரலாற்று நூதனசாலையாக உள்ளது. அவர் கற்பித்த மருத்துவ பீடத்திலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் 1969 முதல் அவரது பெயரால் அழைக்கப்படுகிறது.